வளையத்தைப் பிய்க்காதீர்கள்

மாணவர்களே, உங்கள் பள்ளியிலும் அப்படி ஒரு புட்டி இருக்கலாம். ஒன்றரை லிட்டர் தண்ணீர்ப் புட்டி. அதன் மேல் ஒட்டிய தாளில் ‘டின் வளையங்களை இங்கே போடவும்’ என்று எழுதியிருக்கும். உள்ளே பாதி அளவுக்கு, பானக் குவளைகளின் மூடியிலிருந்து பிய்த்த சின்னச் சின்ன அலுமினிய வளையங்கள்.

என் அண்ணன் மகள் நான்காம் படிவம் படிக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தபோது அப்படி ஒரு புட்டியைக் கையோடு கொண்டு வந்திருந்தாள். நான் குடித்து முடித்த டின்னை வாங்கி, வளையத்தை முன்னும் பின்னும் நாலு தடவை ஆட்டினாள். ‘டக்’கென்று ஒடிந்தது. வளையம் புட்டிக்குள் போனது, டின் குப்பைத் தொட்டிக்குள் போனது.

“டின்னை ஏன் வீசிவிட்டாய்?” என்றேன்.

“அது வேண்டாம் சித்தப்பா. ரிங் மட்டும்தான் வேணும். கால் இல்லாதவங்களுக்குச் செயற்கைக்கால் செய்யக் கொடுக்கப் போறோம்.”

அவள் மனத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கணக்கும் தப்பு, பொறியியலும் தப்பு. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்த மூடியைக் கொஞ்சம் பார்ப்போம். பத்துமலைக்குப் போகும்போது நம் கண் முருகன் சிலையையும் 272 படிகளையும் தேடும். அதே வட்டாரத்தில், ஜாலான் பெருசஹாஆன் சத்து சாலையில், கியான் ஜூ என்ற டின் தயாரிக்கும் ஆலை பல பத்தாண்டுகளாக இருக்கிறது. கோயிலுக்குப் போகும் வழியில் எத்தனையோ முறை நாம் அந்தத் தொழிற்பேட்டையைத் தாண்டியிருப்போம். உள்ளே என்ன வேலை நடக்கிறது என்று கேட்டவர்கள் நம்மில் குறைவு. டின் என்றால் குடித்துவிட்டு நசுக்கிப் போடும் பொருள் என்பதோடு நம் ஆர்வம் முடிந்துவிடுகிறது.

ஆனால் உங்கள் வீட்டில் உள்ள பொருள்களிலேயே மிகத் துல்லியமாகச் செய்யப்பட்ட சிலவற்றுள் அந்த மூடியும் ஒன்று.

அலுமினிய டின்னின் உடலும் மூடியும் தனித்தனியாகச் செய்யப்படுகின்றன. இரண்டுமே அலுமினியம்தான், ஆனால் ஒரே கலவை அல்ல. உடலுக்கான தகட்டில் மாங்கனீசும் மக்னீசியமும் ஏறக்குறைய ஒரு விழுக்காடு வீதம் இருக்கும். அது ஆழமாக இழுத்து நீட்ட வாகான உலோகம். மூடிக்கான தகட்டில் மக்னீசியம் நான்கரை விழுக்காடு வரை போகும், ஆகவே அது விறைப்பானது. ஏன் இந்த வேறுபாடு? உருண்டையான சுவர் உள்ளழுத்தத்தை எளிதாகத் தாங்கும். தட்டையான தகடு தாங்காது, வெளியே புடைக்கப் பார்க்கும். அதனால்தான் டின்னின் சுவர் சுமார் 0.1 மில்லிமீட்டர் இருந்தாலே போதும், மூடிக்கு அதைப் போல் இரு மடங்கு தடிப்பு வேண்டும். காற்றடைத்த பானங்களின் டின்கள் சதுர அங்குலத்துக்கு 90 பவுண்டு அழுத்தத்தைத் தாங்க வேண்டும் என்பது இத்தொழிலின் வழக்கமான அளவு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 54 மில்லிமீட்டர் விட்டமுள்ள அந்தச் சின்ன மூடியின் மேல் நூறு கிலோவுக்கும் அதிகமான சுமை. மத்தியான வெயிலில் நிற்கும் லாரியில் எங்கள் ஊர் டின்கள் படும் பாட்டை நினைத்தால் அந்த அளவு வீணல்ல என்று தெரியும்.

இப்போது இக்கட்டைக் கவனியுங்கள். நூறு கிலோ தாங்க வேண்டிய அதே மூடி, ஏழு வயதுக் குழந்தையின் ஒற்றை விரலுக்குத் திறக்கவும் வேண்டும்.

தீர்வு ஒரு கீறலில் இருக்கிறது. வாய்ப்பகுதியைச் சுற்றி, தகட்டின் தடிப்பில் ஏறத்தாழ பாதி அளவுக்கு ஒரு கோடு அழுத்தப்படுகிறது. கோட்டின் அடியில் மிஞ்சும் உலோகம் சுமார் 0.1 மில்லிமீட்டர், அதாவது உங்கள் பயிற்றுப் பணித்தாளின் தடிப்பு. கொஞ்சம் ஆழமானால் டின் லாரியிலேயே தானாகப் பிளந்துவிடும். கொஞ்சம் மேலோட்டமானால் உங்கள் நகம்தான் உடையும். அந்தக் கோடு முழு வட்டமாகவும் இருக்காது. ஓர் இடத்தில் வேண்டுமென்றே விட்டுவிடுவார்கள். பிளந்த துண்டு பானத்துக்குள் விழாமல் அங்கே கீல் போலத் தொங்கும்.

எனக்கு இதைவிடப் பிடித்தது ஆணி. வளையத்தை மூடியோடு பிணைத்திருக்கும் அந்தச் சின்ன வட்டக் குமிழைப் பாருங்கள். ஆணி அடிக்க வேண்டுமென்றால் துளை போட வேண்டாமா? துளை போட்டால் காற்று கசியாதா? அங்கே துளையே இல்லை. மூடித் தகட்டின் நடுவில் முதலில் ஒரு பெரிய கொப்புளம் போல மேலே தள்ளுகிறார்கள். அடுத்த அச்சில் அந்தக் கொப்புளத்தைக் குறுக்கி உயரமான பொத்தானாக்குகிறார்கள். வேறொரு பட்டைத் தகட்டிலிருந்து வளையம் படிப்படியாக வெட்டி மடித்துச் செய்யப்பட்டு, குறுக்கு வழியில் வந்து அந்தப் பொத்தானில் மாட்டிக்கொள்கிறது. பிறகு பொத்தானின் தலை மேல் ஓர் அடி. தலை நசுங்கி விரிந்து வளையத்தைப் பிடித்துக்கொள்கிறது. மூடியின் சொந்த உடம்பே ஆணியாகிவிட்டது. இந்த வேலை முழுவதும் நடக்கும் அழுத்துப்பொறியிலிருந்து நிமிடத்துக்கு 2,000 மூடிகளுக்கு மேல் வெளியே வரும். நீங்கள் இந்தப் பத்தியைப் படித்து முடிப்பதற்குள் ஒரு பள்ளிக்கூடத்துக்கே போதுமான மூடிகள் தயாராகியிருக்கும்.

விளிம்பைச் சுருட்டுவது, உள்பக்கம் ரப்பர் போன்ற பசையை ஓட்டிக் காயவைப்பது எல்லாம் இதற்கு முந்திய வேலைகள். மூடியை டின்னோடு சேர்த்து மடிப்பது பானம் நிரப்பும் ஆலையில் நடக்கும். அவற்றை விடுங்கள். வளையத்துக்கே வருவோம்.

பள்ளியில் ‘துவாஸ்’ என்று மலாயில் படித்திருப்பீர்கள், தமிழில் நெம்புகோல். அடுத்த முறை டின்னைத் திறக்கும்போது மெதுவாகத் திறந்து பாருங்கள். வாலைத் தூக்கும் முதல் நொடியில், வளையத்தின் மூக்கு மூடியின் மேல் அழுந்தி நிற்கிறது. உள்ளேயிருக்கும் அழுத்தம் அதைக் கீழே போகவிடாது. ஆகவே அந்த மூக்குதான் ஆதாரப்புள்ளி, நடுவில் இருக்கும் ஆணிதான் பளு. பாக்குவெட்டி போல, இரண்டாம் வகை நெம்புகோல். ஆணி இலேசாக மேலே எழும்ப, அதை ஒட்டிய கீறல் பிளந்து ‘ப்ஸ்’ என்று காற்று வெளியேறுகிறது. அழுத்தம் போனதும் ஆட்டம் மாறிவிடுகிறது. இப்போது ஆணி ஆதாரப்புள்ளி, மூக்கு கீழே இறங்கி வாயைத் திறக்கிறது. கத்தரிக்கோல் போல, முதல் வகை நெம்புகோல். ஒரே கருவி, ஒரே விரலசைவில், ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்குத் தாவுகிறது. தேர்வுத்தாளில் நெம்புகோலுக்கு எடுத்துக்காட்டுக் கேட்டால் எல்லாரும் ஏற்றப்பலகையையே எழுதுகிறோம். இதை எழுதிப் பாருங்கள். ஆசிரியர் நிமிர்ந்து உட்காருவார்.

இந்த வளையம் மூடியிலேயே தங்க வேண்டும் என்பது தற்செயலாக வந்ததல்ல. அதற்கு ஒரு கதை உண்டு.

1935-ல் அமெரிக்காவில் முதன்முதலாக பீர் டின்னில் விற்பனைக்கு வந்தபோது, மூடியைக் குத்தித் திறக்கக் கூரான கருவி ஒன்று தேவைப்பட்டது. 1959-ல் ஒஹாயோ மாநிலத்தின் டேட்டன் நகரைச் சேர்ந்த எர்மல் ஃபிரேஸ் என்ற கருவி செய்பவர் குடும்பத்தோடு உல்லாசப் பயணம் போனார். திறக்கும் கருவியை மறந்துவிட்டார். கடைசியில் காரின் முட்டுத்தாங்கியில் வைத்து டின்னைத் திறந்ததாகச் சொல்வார்கள். அந்த எரிச்சலில் பிறந்ததுதான் மூடியோடு பிணைந்த இழுப்பு வளையம். மூடியின் சொந்த உலோகத்திலேயே ஆணி செய்யும் யோசனையும் அவருடையதே. 1962-ல் பிட்ஸ்பர்க் நகரத்து மதுபான நிறுவனம் ஒன்று அதை முதலில் விற்பனைக்குக் கொண்டு வந்தது.

ஆனால் அந்தக் கால வளையம் இழுத்தால் முழுதாகக் கையோடு வந்துவிடும். கூரான நாக்கோடு வரும் அந்தத் துண்டை எங்கே போடுவது? கடற்கரை மணலில் போட்டார்கள், பூங்காப் புல்லில் போட்டார்கள். வெறுங்காலோடு நடந்தவர்களின் பாதங்கள் கிழிந்தன. சிலர் குப்பை போடக் கூடாதென்ற நல்லெண்ணத்தில் வளையத்தை டின்னுக்குள்ளேயே போட்டுவிட்டுக் குடித்தார்கள், சேர்த்து விழுங்கவும் செய்தார்கள். இந்த ஆபத்தைப் பற்றி 1976-லேயே அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் எழுதப்பட்டிருக்கிறது.

ரெனால்ட்ஸ் மெட்டல்ஸ் நிறுவனத்தின் பொறியாளர் டேனியல் கட்சிக் இதற்கு விடை கண்டார். 1975-ல் அவருடைய மூடி சந்தைக்கு வந்தது. திறந்த பிறகும் வளையம் மூடியிலேயே தங்கும், பிளந்த துண்டும் உள்ளே தொங்கிக்கொண்டிருக்கும். இன்று உங்கள் கையிலிருக்கும் டின் அதன் வழிவந்தது. அதாவது வெறுங்கால்களைக் காப்பாற்றுவதற்காகவே வளையம் மூடியோடு கட்டிப்போடப்பட்டது.

நாம் என்ன செய்கிறோம்? அதை நாலு தடவை ஆட்டி ஒடிக்கிறோம்.

இதைத் தைப்பூசத்தன்று பத்துமலையில் நின்று யோசித்துப் பாருங்கள். உலகத்தில் இத்தனை இலட்சம் பேர் வெறுங்காலோடு ஒரே பாதையில் நடக்கும் இடங்கள் எத்தனை இருக்கும்? சுங்கை பத்து ஆற்றில் குளித்து, காவடியைத் தோளில் ஏற்றி, பால்குடத்தைத் தலையில் வைத்து நடப்பவர்கள் தரையைப் பார்த்து நடக்க முடியாது. வழி நெடுகத் தண்ணீர்ப் பந்தல்கள். மோர், சிரப்பு, நெகிழிக் குவளையில் தண்ணீர், சில இடங்களில் டின் பானம். எல்லாம் தர்மத்துக்குக் கொடுப்பவை. டின்னைக் காலால் மிதித்தால் உருளும், சத்தம் போடும், கண்ணில் படும். குப்பை பொறுக்கும் தொண்டர்கள் எடுத்துவிடுவார்கள். ஒடிந்த வளையம் கண்ணில் படாது. ஒடிந்த இடத்தில் விளிம்பும் சொரசொரவென்று கூராக இருக்கும். துடைப்பத்துக்கும் எளிதில் அகப்படாமல் தரைக்கற்களின் இடுக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். குரங்குகளுக்கும் எது தின்பண்டம், எது உலோகம் என்று பிரித்துச் சொல்ல ஆளில்லை.

விழுங்கும் ஆபத்தும் பழைய கதையாகிவிடவில்லை. சின்சினாட்டி சிறுவர் மருத்துவமனை மருத்துவர்கள் தங்கள் பதிவேடுகளை ஆராய்ந்து 2009-ல் ஒரு முடிவைச் சொன்னார்கள். 16 ஆண்டுகளில், மூடியில் தங்கும் வகை வளையத்தை விழுங்கியதாக 19 பிள்ளைகள் வந்திருந்தார்கள். எக்ஸ்ரே படத்தில் வளையம் தெரிந்தது அவர்களில் 4 பேருக்கு மட்டுமே. அலுமினியம் இலேசான உலோகம், எக்ஸ்ரேயில் சரியாகத் தெரியாது. அந்த 19 பேரில் உங்கள் வயதினரும் இருந்தார்கள். ஒடித்து உள்ளே போட்டால்தான் விழுங்க முடியும். மூடியில் இருக்கும் வளையம் யார் தொண்டைக்குள்ளும் போகாது.

சரி, செயற்கைக்கால்? அதற்கு வருகிறேன்.

இந்தப் பழக்கத்துக்கு வேர் இல்லாமல் இல்லை. தாய்லாந்தில் 1992-ல் தொடங்கப்பட்ட செயற்கைக்கால் அறக்கட்டளை ஏழைகளுக்குக் குறைந்த செலவில் கால் செய்து கொடுத்துவருகிறது. அதன் பின்னணியில் இருந்த மருத்துவர் தெர்ட்சாய் ஜீவக்கேட் 2008-ல் மக்சேசே விருது பெற்றார். மறுசுழற்சிப் பொருள்களை அவர்கள் பயன்படுத்தியது அவர்களுக்குப் பெருமை. அமெரிக்காவிலும் 1987 முதல் சிறுவர் மருத்துவமனைகளை ஒட்டிய ஓர் அறநிறுவனம் வளையம் சேகரித்துவருகிறது. அங்கே வளையத்தை யாரும் எதுவாகவும் மாற்றுவதில்லை, எடை போட்டு விற்றுப் பணமாக்குகிறார்கள், அவ்வளவுதான். அதே நாட்டில் ‘வளையம் கொடுத்தால் சிறுநீரக நோயாளிக்கு இலவச இரத்தச் சுத்திகரிப்பு’ என்ற வதந்தியும் பல ஆண்டுகள் சுற்றியது. பாவம், மூட்டை மூட்டையாகச் சேர்த்தவர்கள் கடைசியில் அப்படி எதுவும் இல்லை என்று தெரிந்து திரும்பினார்கள்.

வளையத்தில் மட்டும் ஏதோ உயர்ந்த உலோகம் இருக்கிறது என்று நம்புகிறவர்கள் உண்டு. இல்லை. மேலே சொன்ன அதே மூடிக் குடும்பத்து அலுமினியக் கலவைதான் அதுவும். டின் மொத்தத்தையும் உருக்கினாலும் அலுமினியம்தான் கிடைக்கும், மறுபடியும் டின் தகடாகும்.

இனிக் கணக்கு. ஒரு வளையம் சுமார் 0.3 கிராம். ஒரு முழு அலுமினிய டின் சுமார் 13 கிராம். ஒரு கிலோ வளையம் சேர்க்க ஏறக்குறைய 3,300 டின்களிலிருந்து பிய்க்க வேண்டும். அந்த 3,300 டின்களையும் முழுதாகக் கொடுத்திருந்தால் 43 கிலோ. அண்ணன் மகளிடம் இதைச் சொன்னபோது அவள் கைப்பேசியில் தானே ஒரு தடவை பெருக்கிப் பார்த்தாள். பிறகு குப்பைத் தொட்டியை எட்டிப் பார்த்தாள்.

பணம் மட்டும் அல்ல. தாதுவிலிருந்து பெறும் ஆக்சைடை மின்சாரத்தால் பிரித்து ஒரு கிலோ அலுமினியம் எடுக்க ஏறக்குறைய 14 யூனிட் மின்சாரம் செலவாகும். சரவாக்கின் சாமலாஜுவில் இருக்கும் பெரிய உருக்காலையின் மின்பசிக்கு ஈடுகொடுக்க அணை மின்சாரம் வேண்டியிருப்பது அதனால்தான். பழைய அலுமினியத்தை உருக்கினாலோ புதிதாக எடுக்கும் செலவில் சுமார் 5 விழுக்காடு ஆற்றல் போதும். ஒரு டின்னில் உறைந்திருக்கும் மின்சாரத்தைக் கணக்கிட்டால், 10 வாட் விளக்கு ஒன்று 18 மணி நேரம் எரியும். வளையத்தை எடுத்துக்கொண்டு டின்னை வீசுவது, அந்த 18 மணி நேரத்தில் அரை மணியைக்கூட முழுதாகக் காப்பாற்றாமல் மீதியை அணைத்துவிடுவது போல.

இன்னொன்றும் உண்டு. பிரித்தெடுக்கும் ஆலைகளில் பொருள்கள் சல்லடைகளைத் தாண்டிப் போகின்றன. டின் தாண்டும். தனி வளையம் துளை வழியே கீழே விழுந்து கழிவோடு போய்விட வாய்ப்பு அதிகம். டின்னைப் பற்றிக்கொண்டிருக்கும் வரைதான் அதற்கும் மறுபிறவி.

வளையம் சேர்க்கும் ஆசிரியர்களின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. டின்னைச் சேர்த்தால் எறும்பு வரும், நாறும், வகுப்பறையில் இடத்தை அடைக்கும், கொசு முட்டையிடும். டிங்கி பயம் உள்ள நாட்டில் அது சின்ன விஷயம் அல்ல. வளையமோ காய்ந்தது, எண்ண எளிது, புட்டி நிறைவதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கலாம். இதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தண்ணீரில் ஒரு தடவை அலசி, கவிழ்த்து வடியவிட்டு, காலால் மிதித்துத் தட்டையாக்கினால் ஒரு பிளாஸ்டிக் சாக்கில் நூற்றுக்கணக்கான டின் அடங்கும். நசுக்கிய டின்னில் தண்ணீர் தேங்க இடம் ஏது? சிற்றுண்டிச்சாலைப் பின்புறம் கூரைக்கடியில் ஒரு சாக்கு, மாதத்துக்கு ஒரு தடவை பழைய சாமான் லாரி. ‘சூராட் காபார் லாமா’ என்று ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு குடியிருப்புகளைச் சுற்றுகிறார்களே, அவர்களில் பலர் அலுமினியத்தையும் எடை போட்டு வாங்குவார்கள். அந்தப் பணத்தில் உண்மையிலேயே கால் செய்யும் அமைப்புக்கு நன்கொடை கொடுங்கள். எந்த அமைப்பு, பணம் எங்கே போகிறது, இரசீது உண்டா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

ஓர் எச்சரிக்கை. எல்லா டின்னும் அலுமினியம் அல்ல. காப்பி, மூலிகைப் பானம் போன்ற காற்றடைக்காத சில பானங்களுக்கு இரும்புத் தகட்டு உடலும் அலுமினிய மூடியும் வருவதுண்டு. குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கும் காந்தத்தை எடுத்து உடலிலும் மூடியிலும் மாறி மாறி வைத்துப் பாருங்கள். உடலில் ஒட்டினால் அதைத் தனிச் சாக்கில் போடுங்கள். இரும்புக்கும் வாங்குவார் உண்டு, ஆனால் அலுமினியத்தோடு கலந்து கொடுத்தால் வியாபாரி உங்கள் மொத்த மூட்டைக்கும் விலையைக் குறைத்துவிடுவார்.

ஏற்கெனவே பிய்த்துச் சேர்த்த வளையங்களை என்ன செய்வது என்று அண்ணன் மகள் கேட்டாள். ஒரு காலி அலுமினிய டின்னை எடுக்கச் சொன்னேன். வளையங்களை அதற்குள் கொட்டி, வாய்ப்பகுதி மூடிக்கொள்ளும்படி நன்றாக மிதித்துச் சாக்கில் போட்டுவிட்டால், வளையம் எங்கேயும் சிந்தாமல் டின்னோடு சேர்ந்தே உலைக்குப் போகும். அவள் புட்டிக்கு ஆறு டின்கள் தேவைப்பட்டன.